வலப்பக்கம் தட்டுகிறது, ஆனால் இடக்காலால் மிதிக்கும்போது மட்டும்: பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு உதவி தேவை

காவிரிப்பாலம்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய பழைய ராட் பிரேக் சைக்கிள் பல ஆண்டுகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கடந்த சித்திரையில் அதை வெளியே எடுத்துத் துடைத்து, டயரும் டியூபும் மாற்றி ஓட்டத் தொடங்கினேன். பிரேம் 22 அங்குலம், சக்கரம் 28 அங்குலம், முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்துப் பிரீவீலில் 18 பற்கள். முன்பக்கச் சின்னத் தகடு எப்போதோ விழுந்துவிட்டதால் எந்த நிறுவனத்தின் வண்டி என்பது தெரியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகப் பாலக்கரை வரை சென்று திரும்புகிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கி.மீ. ஆகிறது.

இரண்டு தொல்லைகள் உள்ளன. மிதிக்கும்போது பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்கிறது. அழுத்தி மிதித்தால் அது பாதத்திலும் உணரப்படுகிறது. ஓசை வலப்பக்கத்திலிருந்து வருவதாகவே காதுக்குப் படுகிறது. இரண்டாவதாக, மூன்று வாரங்களாக இரண்டு முழங்கால்களிலும் முன்புறம், சில்லுக்குச் சற்றுக் கீழே, வலி இருக்கிறது.

கடையில் காட்டியபோது முதலில் இரண்டு பெடல்களை மாற்றினார்கள். பிறகு இடப்பக்கக் காட்டர் பின்னை, அதாவது பெடல் கையான கிராங்க்கை ஆக்சிலோடு இறுக்கும் ஆப்பை, மாற்றினார்கள். தட்டல் போகவில்லை. இப்போது பி.பி. எனப்படும் பாட்டம் பிராக்கெட்டின், அதாவது கிராங்க்குகள் சுழலும் நடுக்கூட்டின், ஆக்சில், கப், பால்ஸ் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே அது தேவைதானா என்று தெரிந்துகொண்ட பிறகு செலவு செய்யலாம் என்று எண்ணுகிறேன்.

மெதுமிதி:

எதையும் கழற்றுவதற்கு முன் ஓசையின் கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள். 44 பல் வைத்த வண்டியில் செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவரப் பெடல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஆகவே தட்டல் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டால் பெடல், கிராங்க், காட்டர் பின், பி.பி. ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். சீட்டின் ஸ்பிரிங்கும் மிதியின் தாளத்துக்கே முனகும் என்பதால், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தும் பாருங்கள். தட்டல் எந்தக் கால் கீழே இறங்கும்போது வருகிறது என்பதைக் கட்டாயம் கவனித்துச் சொல்லுங்கள். பலரும் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

காவிரிப்பாலம்:

இன்று காலை பாலத்தின் ஏற்றத்தில் சோதித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தவறாமல் வருகிறது. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது. ஆனால் எனக்கே வியப்பாக இருப்பது என்னவென்றால், இடக்கால் அழுத்தி இறங்கும்போது மட்டும்தான் தட்டுகிறது. வலக்காலில் முழு எடையைப் போட்டாலும் அமைதியாக இருக்கிறது. ஓசையோ இப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று விளங்கவில்லை.

உலைக்களம்:

பொருந்தும் ஐயா. உங்கள் வண்டியின் நோயை அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது.

முன்பல்சக்கரம் வலது கிராங்க்கோடு ஒன்றாகச் சேர்த்து அடிக்கப்பட்டது. நீங்கள் வலக்காலால் மிதிக்கும்போது அந்தச் சுழற்று விசை கிராங்க்கிலிருந்து நேராகப் பல்சக்கரத்துக்கும், அங்கிருந்து செயினுக்கும் போய்விடுகிறது. ஆக்சிலைச் சுழற்ற வேண்டிய வேலை அதற்கு இல்லை. இடக்காலின் விசைக்கு அப்படிப்பட்ட குறுக்குவழி கிடையாது. அது இடது கிராங்க்கிலிருந்து இடது காட்டர் பின் வழியாக ஆக்சிலுக்குள் இறங்கி, பி.பி.யைக் கடந்து, வலது காட்டர் பின் வழியாக வலது கிராங்க்குக்கு ஏறி, அதன் பிறகே பல்சக்கரத்தை அடைகிறது. அதாவது இடக்காலின் முழுச் சுமையையும் இரண்டு பின்களும் தாங்குகின்றன. வலக்காலின் சுழற்று விசையை இரண்டில் எதுவும் தாங்குவதில்லை. எனவே வலப்பக்கத்துப் பின் தளர்ந்திருந்தால், இடக்கால் அழுத்தும்போதுதான் அது வலப்பக்கத்தில் தட்டும். ‘இடக்கால் மிதிக்கும்போது’ என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரர் இடது பின்னை மாற்றியிருப்பார். எளிதில் நேரக்கூடிய பிழைதான்.

உறுதிப்படுத்த ஒருவர் துணை தேவை. பின்பிரேக்கை அவர் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் இரண்டு கிராங்க்குகளையும் தரைக்கு இணையாக வைத்து, இடது பெடலை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். அவர் வலப்பக்கத்தில் குனிந்து, ஆக்சிலின் முனையும் கிராங்க்கின் துளை விளிம்பும் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். முன்கூட்டியே இரண்டின் மேலும் சேர்த்துச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவைத்தால், தளர்ச்சி இருக்கும் பட்சத்தில் அந்தக் கோடு உடைந்து உடைந்து கூடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போடப்பட்டிருக்க வேண்டும். ஒரு கிராங்க்கின் நட்டு மேல் நோக்கி இருக்கும் அதே நேரத்தில் மற்றதன் நட்டு கீழ் நோக்கி இருந்தால் சரி. இரண்டும் ஒரே பக்கம் நோக்கினால் கிராங்க்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல், முழங்கை மடக்கியதுபோல் சற்று மடங்கி நிற்கும்.

பல்சக்கரம்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பது என் கருத்து. காட்டர் பின் என்பதே காலாவதியான ஏற்பாடு. துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்துத் தடிமனான பின் போடலாம். அல்லது பின்னே தேவைப்படாத சதுர முனை ஆக்சிலுக்கு மாறிவிடலாம். முழங்கால் வலிக்குச் சீட்டை உயர்த்தினால் போதும். சீட்டுக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றினால் இளகிவிடும். நான் என் வண்டியில் செய்திருக்கிறேன்.

உலைக்களம்:

நண்பர் மன்னிக்க வேண்டும்; இவற்றில் இரண்டை நான் மறுக்கிறேன். துளையைப் பெரிதாக்கினால் அதைச் சுற்றி மிச்சமிருக்கும் இரும்பு மெலியும். துளை கொஞ்சம் கோணிவிட்டாலும் அந்தக் கிராங்க்குக்கு வேறு எந்தப் பின்னும் ஒழுங்காகப் படியாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத்தான் அரிக்கும். உங்கள் வண்டியில் சீட்டுக் கம்பி அலுமினியமாக இருந்திருக்கும். இது இரும்புக்குள் இரும்பு. பெயிண்ட்டும் உங்கள் கண்ணும் கெடுமே தவிரத் துரு இளகாது.

சதுர முனை ஆக்சிலுக்கு மாறுவது தவறில்லை. ஆனால் அதற்குக் கிராங்க்குகளும் பல்சக்கரமும் சேர்ந்து மாற வேண்டும், முன்பின் பல்சக்கரங்களுக்கிடையே செயின் கோடும் நேராக அமைய வேண்டும். ஒழுங்காக அமைந்த காட்டர் பின் பல ஆண்டுகள் சத்தமின்றி உழைக்கும் என்பதால், கெட்டது எது என்று தெரிந்த பிறகு அதை முடிவு செய்யலாம்.

காவிரிப்பாலம்:

நேற்று மாலை தம்பியை பிரேக் பிடிக்கச் சொல்லிச் சோதித்தேன். வலப்பக்கத்துச் சுண்ணக்கோடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விலகியது. இடப்பக்கக் கோடு அசையவில்லை. இரண்டு நட்டுகளும் ஒரே திசையை நோக்கி இருக்கின்றன. கிராங்க்குகளைப் படுக்கவைத்துச் சற்றுத் தொலைவில் நின்று பார்த்தால் மடிப்பும் தெரிகிறது. வலது பின்னைக் கழற்றி வெர்னியரில் அளந்தேன்: 9 மி.மீ. கடையில் புதிதாகப் போட்ட இடது பின் 9.5 மி.மீ. இருக்கிறது. வலது பின்னின் தட்டை முகத்தில், ஒரு ஓரத்தில் மட்டும், ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

உலைக்களம்:

பிரிட்டிஷ் மரபில் செய்யப்பட்ட வண்டிகளுக்கு 9.5 மி.மீ. பின்தான் வழக்கம், 9 மி.மீ. பின் ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் உண்டு. பெரிய துளையில் சிறிய பின் ஆடும். அதன் தட்டை முகம் ஆக்சிலின் வெட்டுமுகத்தில் முழுமையாகப் படியாமல் விளிம்பில் மட்டும் படும். எடை முழுவதும் அந்த விளிம்பில் இறங்குவதால் மெல்லிரும்பு நசுங்கிப் பள்ளம் விழும். பள்ளம் விழ விழத் தட்டல் பெருகும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

நல்ல கடினமான இரும்பில் செய்த 9.5 மி.மீ. பின்னை வாங்குங்கள், கையில் கனமாகவும், அரம் எளிதில் வழுக்கிக் கடிக்காததாகவும் இருக்க வேண்டும். முதலில் கையால் செருகிப் பார்த்து, வெளியே எடுத்து, தட்டை முகத்தில் எங்கே பளபளப்பு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு முனையில் மட்டும் விழுந்திருந்தால் அந்த இடத்தை மட்டையான அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே சீராகத் தடம் விழும் வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். அவசரத்தில் அதிகம் அராவினால் பின் ஆழமாக இறங்கிவிடும். அதன் பிறகு இறுக்குவதற்கு இடமே இராது.

அடித்து ஏற்றும்போது கிராங்க்கின் அடியில், பின்னின் முனை நுழையும் அளவுக்குத் துளையுள்ள கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் அதிர்ச்சி முழுவதும் பால்ஸ் வழியாகக் கப்புக்குப் போய்ப் பள்ளம் போட்டுவிடும். நான் வேலை கற்ற வாடகைச் சைக்கிள் கடையில், முட்டு வைக்காமல் சுத்தியலைத் தூக்கினால் முதல் அடி எங்கள் முதுகில்தான் விழும். பத்துச் சிறிய தட்டல்களைவிட ஓர் உறுதியான அடி மேலானது. பின்னை உள்ளே இழுப்பதற்கு நட்டைப் பயன்படுத்தாதீர்கள். அந்த மெல்லிய மரை அதைத் தாங்காது. அடித்து இறக்கிய காட்டர் பின் மீண்டும் வெளியே வராமல் பிடித்துவைப்பது மட்டுமே நட்டின் வேலை. 40 அல்லது 50 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி முட்டுக் கொடுத்து ஓர் அடி அடித்து நட்டை இறுக்குங்கள். புதிய பின் முதல் ஓட்டத்தில் சற்று அமர்ந்துவிடும்.

இடது பின்னைத் திருப்பிப் போடக் கழற்றத்தான் வேண்டும் என்பதால், அந்த வேளையில் பி.பி.யையும் திறந்து பார்த்துவிடுங்கள். கப்பின் ஓட்டப்பாதை வழுவழுப்பாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. பக்கத்துக்கு கால் அங்குலப் பால்ஸ் 11 வீதம் புதிதாகப் போட்டு, கிரீஸ் நிறைய வைத்தால் போதும். இடது கப் வழக்கமான மரையுடையது. வலது கப்பைத் தொடாமல் விடுங்கள். அது இடஞ்சுழி மரை, தெரியாமல் வழக்கம்போல் திருகி அதை நாசமாக்கியவர்கள் பலர். ஒருவேளை கப் மாற்ற நேர்ந்தால், அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். பொதுவான பிரிட்டிஷ் அளவு 24 மரை. நாட்டிங்காமில் செய்த ராலே வண்டிகளில் 26 மரை உண்டு. பல்சக்கரத்தில் கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் ராலே என்று அறியலாம். வெறும் தகடாக இருந்தால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மெதுமிதி:

முழங்காலுக்கு வருகிறேன். சில்லுக்கு முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு. பின்புற மடிப்பில் வலித்தால் பெரும்பாலும் சீட்டு உயரம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தைச் சீட்டைப் போல் அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து சொல்லுங்கள். பி.பி.யின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள தூரத்தையும், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு ஆள் ஏறியதும் அமுங்கிவிடும்.

காவிரிப்பாலம்:

கால் அளவு 80 செ.மீ. சீட்டு 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சீட்டுக் கம்பி துளியும் அசையவில்லை.

மெதுமிதி:

கால் அளவை 0.883 ஆல் பெருக்கும் பந்தய வீரர்களின் கணக்கின்படி உங்களுக்கு 70.6 செ.மீ. வருகிறது. நிமிர்ந்து உட்காரும் இந்த வகை வண்டியில், நெரிசலில் கால் ஊன்ற வேண்டியிருப்பதால், அதைவிட 2 செ.மீ. குறைத்தே வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் இப்போதுள்ள உயரம் மிகக் குறைவு. ஒரே நாளில் ஏற்றாமல், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அரை அல்லது ஒரு செ.மீ. ஏற்றுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழ்நிலையில் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு பக்கவாட்டில் ஆடினால் உயரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். கம்பியின் 7 செ.மீ. அளவாவது பிரேமுக்குள் இருக்கட்டும்.

இறுகிய கம்பிக்கு ஓர் எளிய வழி உண்டு. சீட்டுக் குழாய் அடியில் பி.பி. கூட்டுக்குள் திறந்திருக்கும். பி.பி.யைப் பிரித்திருக்கும்போது வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அந்த வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு இரவுகள் விட்டுவிடுங்கள். பிறகு சீட்டைக் கழற்றிவிட்டு, கம்பியைக் குழாய் ரெஞ்சால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். கம்பியில் தழும்பு விழும், விழட்டும்; அது மலிவான பொருள், பிரேம் அப்படியல்ல. கிரீஸ் வைப்பதற்கு முன் எண்ணெயை முழுவதும் வடித்துவிடுங்கள்.

வலி முழுவதும் போகாவிட்டால் 18 பல் பிரீவீலுக்குப் பதில் 22 பல் போட்டுப் பாருங்கள். இப்போது ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் ஓடுகிறது, அது 4.5 மீட்டராகக் குறையும். பாலத்தின் ஏற்றத்தில் வேறுபாடு தெரியும்.

காவிரிப்பாலம்:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். வலது பின்னை அராவிப் பொருத்த எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. முதல் பின்னை அதிகம் அராவிக் கெடுத்தேன், இரண்டாவதுதான் படிந்தது. கப் இரண்டும் வழுவழுப்பாகவே இருந்தன. பால்ஸ் மட்டும் மாற்றினேன். கிராங்க்குகள் நேர்கோட்டில் நிற்கின்றன, தட்டல் இல்லை. சீட்டுக் கம்பி மூன்றாம் நாள்தான் இளகியது. இப்போது சீட்டு 67 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பாலம் ஏறும்போது மட்டும் இலேசாக வலிக்கிறது.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. 45 கி.மீ. முடிந்து மறுபடி அடித்தபோது வலது பின் சற்று இறங்கியது. நட்டும் அரைச் சுற்று இறுகியது. மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுமா?

உலைக்களம்:

அவ்வளவு இறங்குவது இயல்புதான். இன்னொரு 50 கி.மீ. கழித்து முட்டுக் கொடுத்து ஓர் அடி அடித்துப் பாருங்கள். அசையாவிட்டால் விட்டுவிடலாம். அப்போதும் இறங்கினால் அந்தப் பின் மெல்லிரும்பால் ஆனது. வேறொன்று வாங்கி, அராவும் அந்த மாலைப் பொழுதை இன்னொருமுறை ஒதுக்குங்கள்.