மினியில் ரன்-ஃபிளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர்: போட்டவர்கள் அனுபவம்

ஜெலுத்தோங்காரன்:

என்னுடையது 2012 மினி கூப்பர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கைக்கு வரும்போதே நான்கும் ரன்-ஃபிளாட், 195/55 ஆர்16. அவற்றை எடுத்துவிட்டு அதே அளவில் சாதாரண டயர் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்களெல்லாம் "மாத்தலாமா, பயமில்லையா?" என்று கேட்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் சொல்லுங்கள்.

ரன்-ஃபிளாட்டின் பக்கச்சுவர் தடித்த ரப்பர். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். அப்படியே 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்கிறார்கள். பஞ்சராகும் அன்று அது தெய்வம். மற்ற நாளெல்லாம் அதே சுவர்தான் முதுகைப் பதம் பார்க்கிறது. மினியின் சஸ்பென்ஷன் ஏற்கெனவே இறுக்கம். இங்கே பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் சாலையைத் தோண்டி ஒட்டுப்போட்ட இடங்களில் டேஷ்போர்டு கடகடவென்று ஆடும். டயர் மாற்றிக் கடையை விட்டு வெளியே வந்த உடனே வித்தியாசம் தெரிந்தது. குழியில் இறங்கினால் 'டங்' என்று கேட்டது இப்போது 'தொப்' என்று கேட்கிறது. பாலிக் பூலாவ் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் ஒரு மயிரிழை மந்தமாக இருந்தது உண்மை. கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது.

விலையைச் சொல்லவே வேண்டாம். நான் போன கடையில் ஒரு ரன்-ஃபிளாட்டுக்குக் கேட்ட வெள்ளியில் (ரிங்கிட்) ஏறக்குறைய இரண்டு நல்ல சாதாரண டயர் வாங்கலாம். அதுவும் கையிருப்பில் இல்லை, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ரிம் அதே ரிம்தான். காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் வழக்கம்போல் வேலை செய்கிறது, ஆனால் டயர் மாற்றியதும் காற்றைச் சரிபார்த்து ரீசெட் செய்ய வேண்டும். என் வண்டியில் டயருக்குள் சென்சார் எதுவும் இல்லை. காற்று இறங்கிய சக்கரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் பிரேக் சென்சார் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நான்கிலும் ஒன்றுபோல் இறங்கினால் அதற்குத் தெரியாது. பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றுப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

டிக்கிதான் பிரச்சினை. என் வண்டியில் ஸ்பேர் டயரும் இல்லை, அதை வைக்கக் குழியும் இல்லை. அதனால் 12 வோல்ட் பம்ப், ஓட்டை அடைக்கும் திரவப் புட்டி, ரப்பர் திரி செருகும் பஞ்சர் ஊசி, ஜாக், டார்ச் எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். இதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். மாற்றியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

செந்தூல் அக்கா:

தம்பி சொல்வது சரிதான், ஆனாலும் நான் மாற்றமாட்டேன். என் வேலை முடிய ராத்திரி பதினொன்றாகும். ஒருநாள் எல்டிபி ஹைவேயில் மழையில் வந்துகொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. வலது பக்கம் லாரி, இடது பக்கம் மோட்டார் சைக்கிள்கள், ஓரமாக நிறுத்த இடமே இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். பம்பும் திரியும் கையில் இருந்தாலும் அந்த மழையில் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் டயர் ஒன்றுமே ஆகாததுபோல் நிற்கிறது. கடைக்காரர் ரிம்மிலிருந்து கழற்றிக் குப்புறக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, மிளகுத்தூள் மாதிரி. "காத்து இல்லாம ஓடினதுல உள்சுவர் அரைஞ்சிருக்கு, இதுக்கு ஒட்டுப் போடமாட்டேன்" என்றார். புது டயர்தான் வாங்கினேன். விலை அதிகம்தான், வயிறு எரியவில்லை.

பிறைவாசி:

நான் அக்கா கட்சி. வேலைக்குத் தினமும் பினாங்குப் பாலம் ஏறி இறங்குகிறேன். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், வேக வரம்பே 80. காற்றுப் போனாலும் ரன்-ஃபிளாட் அதே வேகத்தில் கரை சேர்த்துவிடும். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதையும் தாண்டிவிடலாம். காலை நெரிசலில் கடலுக்கு நடுவே ஜாக்கோடு குனிந்து நிற்க எனக்கு மனசில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:

பாலத்துக்குச் சரி அண்ணே, பிளஸ் ஹைவேக்கு அது போதாது. பினாங்கில் சொந்தக்காரர் கல்யாணம் முடித்துக் கோலாலம்பூர் திரும்பும்போது ஈப்போவைத் தாண்டியதும் ஆணி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை இரவு. வீட்டுக்கு இன்னும் 200 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, ரன்-ஃபிளாட் கொடுப்பதோ 80. ஈப்போவுக்கே திரும்பினோம். கடைகள் எல்லாம் மூடியாகிவிட்டது. திங்கள் காலை திறந்தால் மினி அளவில் ரன்-ஃபிளாட் எவரிடமும் இல்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நானும் அம்மாவும் ரயிலேறி வந்தோம். தட்டு, தாம்பூலப் பை, பலகாரம் எல்லாம் கையில். சாதாரண டயராக இருந்திருந்தால் முதல் கடையிலேயே போட்டுக்கொண்டு வந்திருப்பேன். அதற்கப்புறம் மாற்றிவிட்டேன், இன்றுவரை குறை இல்லை.

கிளாங் டயர்க்கடை:

தொழிலில் இருப்பவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

ஒரு ஜோடி ரன்-ஃபிளாட், ஒரு ஜோடி சாதாரணம் என்று கலக்காதீர்கள். பின்னால் மெத்து, முன்னால் விறைப்பு என்றால் ஈரச் சாலையில் வண்டி எப்படித் திரும்பும் என்று சொல்லமுடியாது. மாற்றினால் நான்கும் சேர்த்து. பழைய டயரில் தாங்கும் எடை, வேகக் குறியீடு 87வி என்றிருந்தால் புதியதிலும் அதே அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் விற்ற இடத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஓடுவது ரன்-ஃபிளாட்டா என்றே சிலருக்குத் தெரிவதில்லை. பக்கச்சுவரைப் படியுங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷ்லின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் என்றிருக்கும்.

திரவப் புட்டியை நம்புகிறவர்களுக்கு: அது ஆணி ஓட்டைக்குத்தான். பக்கச்சுவர் கிழிந்தால் ஊற்றினாலும் வழிந்துவிடும். அதைப் போட்டபிறகும் மெதுவாகத்தான் போகவேண்டும். காலாவதித் தேதி புட்டியிலேயே இருக்கும், நம்மூர் வெயிலில் டிக்கியில் கிடப்பதை அவ்வப்போது பாருங்கள். டயரைக் கழற்ற வருகிறவரிடம் உள்ளே திரவம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் திறக்கிறவன் சட்டையில்தான் விழும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:

போஸ், மினிக்குப் பெரோடுவா மைவி காரின் ஸ்பேர் டயர் போடலாமா? என் நண்பன் மைவிக்கும் நாலு போல்ட்தான், எதிரெதிர் போல்ட்டுக்கு இடையே தூரமும் 100 மில்லிமீட்டர்தான் என்று சொல்கிறான்.

கிளாங் டயர்க்கடை:

உன் மினி நாலு ஓட்டை என்றால் தூரம் ஒத்துவரும். புது மாடல் அஞ்சு ஓட்டை, பேச்சே இல்லை. ஆனால் நாலு ஓட்டை மினிக்கும் நடுத்துளை இடிக்கும். ரிம் உட்காரும் மினியின் ஹப் 56.1 மில்லிமீட்டர், மைவி ரிம்மின் நடுத்துளை 54.1. உட்காரவே உட்காராது. இன்னொன்று, மினியில் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது, போல்ட்டைத்தான் வெளியிலிருந்து முறுக்க வேண்டும். சக்கரத்தைக் காலால் முட்டுக்கொடுத்து ஓட்டைகளை நேர் பார்த்துக்கொண்டே கையால் போல்ட்டைத் தேடும் வேலை இருக்கிறதே, அது ராத்திரியில் சாலையோரத்தில் செய்கிற வேலையில்லை. வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்.

ஜெலுத்தோங்காரன்:

நன்றி அண்ணே. கழற்றிய ரன்-ஃபிளாட்டில் இரண்டு என் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கின்றன. டயர்ப் பூ (மேல் வரிப்பள்ளம்) நன்றாகத்தான் இருக்கிறது. பிறைவாசிக்கு வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

பிறைவாசி:

தயாரித்த தேதி சொல்லும் டாட் எண் என்ன?

ஜெலுத்தோங்காரன்:

கடைசி நாலு இலக்கம் 1416.

பிறைவாசி:

2016-ல் பதினாலாவது வாரம், ரொம்பப் பழசு. பூச்செடி வையுங்கள் அண்ணே.