25 மீற்றரா, 50 மீற்றரா?

ஹட்டனில் இருக்கிறோம். 13 வயது மகள் 100 மீற்றர் ப்ரீஸ்டைல் நீச்சலை 25 மீற்றர் தடாகத்தில் 1 நிமிடம் 16 செக்கனில் முடிக்கிறாள், போன மாதம் கொழும்பில் 50 மீற்றர் தடாகத்தில் 1:23 ஆகிவிட்டது. மூன்று தரம் திரும்பிச் சுவரை உதைத்துப் பழகியவளுக்கு அங்கே ஒரே ஒரு திருப்பம்தான், 35 மீற்றர் தாண்டியதும் கை தளர்ந்துவிடுகிறது. நிற்காமல் 400 மீற்றர் நீந்த வைத்தோம், சுவரை உதைக்காமல் திரும்பி வரும்படியும் சொல்லிப் பார்த்தோம், பெரிய மாற்றமில்லை. பக்கத்து ஹோட்டல் தடாகம் 15 மீற்றர்கூட வராது, தண்ணீர் வேறு ஐஸ். இப்போது வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் கண்டிக்குப் போய் 25 மீற்றரில் பயிற்சி. அடுத்த போட்டியும் 50 மீற்றர்தான், இன்னும் 10 வாரம். அந்த இரண்டு நாளை விட்டுவிட்டு, சனிக்கிழமை மட்டும் கொழும்பு சுகததாச 50 மீற்றர் தடாகத்துக்குக் கூட்டிப்போனால் பலன் இருக்குமா?