காலேஜ் லைப்ரரில ஜர்னல் எதுவும் திறக்க மாட்டேங்குது, காசு கேக்குது, என்ன பண்றதுங்க?

நொய்யல்காரி:
ஏனுங்க, வெவரம் தெரிஞ்சவங்க ஆராச்சும் சித்த சொல்லுங்க. ஈரோட்டுப் பக்கம் ஒரு அரசு காலேஜ்ல பார்ட் டைம் பிஎச்டி பண்றனுங்க, சாயப்பட்டறைத் தண்ணில நெறமெடுக்கறதுதான் தலைப்பு. லீவுக்கு முன்னாடி வரைக்கும் லைப்ரரி கம்ப்யூட்டர்ல உக்காந்தா கேட்ட பேப்பரெல்லாம் பிடிஎஃப்பா எறங்கிட்டு இருந்துச்சு, இப்ப வந்து பாத்தா சுருக்கம் மட்டும் காட்டிட்டு முழுசா வேணும்னா ஒரு பேப்பருக்கு முப்பது நாப்பது டாலர் கட்டுங்குது. நான் சென்னிமலைல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றதே இதுக்குத்தானுங்க. லைப்ரரி அக்காவக் கேட்டா "சர்வர் பிரச்சனையா இருக்கும் கண்ணு, நாளைக்கு வா"ங்கறாங்க, மூணு வாரமா அதே நாளைக்குத்தான். அடுத்த மாசம் கமிட்டி மீட்டிங் வேற, ஒரே வெசனமா இருக்குது.

பழைய_லைப்ரரியன்:
லீவுல காலேஜுக்கு நெட் லைன் மாத்துனாங்களான்னு மொதல்ல கேளுங்க அம்மணி. பதிப்பகத்துக்காரனுக்கு உங்களையும் தெரியாது, காலேஜையும் தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் பதிஞ்சு வெச்ச ஐபி நம்பர்தான், அதாவது நெட் லைனோட வெலாசம். லைன் மாறுனா நம்பர் மாறும், அப்பறம் ரோட்டுல போறவனும் நீங்களும் அவனுக்கு ஒண்ணுதான். லைப்ரரி கம்ப்யூட்டர்ல கூகுள்ல "வாட் இஸ் மை ஐபி"ன்னு போட்டு வர்ற நம்பரக் குறிச்சுக்கங்க. கம்ப்யூட்டர் செட்டிங்ஸ்ல பாத்து 192.168-ன்னு ஆரம்பிக்கற நம்பரக் குடுத்துராதீங்க, அது ஊட்டுக்குள்ள கண்ணு, அம்மணின்னு கூப்புடற மாதிரி, வெளிய போயி அந்தப் பேரச் சொல்லி விசாரிச்சா ஆருக்குத் தெரியும்? நான் வேலைல சேந்த புதுசுல அதையேதான் எழுதி அனுப்பிட்டு ரெண்டு மாசம் காத்துக் கெடந்தனுங்க.
இன்னொண்ணு, ஆராச்சும் ஒரு வால்யூம் முழுசையும் சாஃப்ட்வேர் போட்டு எறக்கிருந்தாலும் ஐபியவே பிளாக் பண்ணிருவாங்க. ஆனா அப்ப ஒரு கம்பெனி ஜர்னல் மட்டுந்தான் அடிபடும். உங்களுக்கு எல்லாமே போச்சுங்கறீங்க, அதனால லைன்தான்.

கோபி_வாத்தியார்:
நீங்க குடுத்து வெச்சவங்க. மத்திய அரசுல ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு திட்டம் போட்டு மூணு வருசத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி, 2025 ஜனவரில இருந்து 30 பதிப்பகத்தோட 13,000 ஜர்னல் கிட்டத்தட்ட தொறந்து விட்டாங்க, ஆனா அரசு காலேஜுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்குந்தான். எங்களாட்டம் சுயநிதி காலேஜ்ல இருக்கறவன் வேலியோரம் நின்னு வேடிக்கை பாக்கோணும். நான் பண்றது என்னன்னா, கூகுள் ஸ்காலர்ல பேப்பருக்குக் கீழ "ஆல் வெர்ஷன்ஸ்"ஸ அமுக்கிப் பாப்பேன், பிரவுசர்ல அன்பேவால்னு இலவசப் பிரதி இருந்தாக் காட்டற எக்ஸ்டென்ஷன் போட்டு வெச்சிருக்கேன், அதுலயும் கெடைக்கலைன்னா எழுதுன ஆளுக்கே ரெண்டு வரில மெயில். பாதிப் பேரு அனுப்பிருவாங்க. தீசிஸ்னா, நம்ம நாட்டு பிஎச்டி தீசிஸ சேத்து வெக்கற சோத்கங்கா வெப்சைட்டுல ஆரு வேணாலும் பாக்கலாம்.

நொய்யல்காரி:
லைப்ரரியன் ஐயா சொன்னது அப்படியே சரிங்க! மே மாசமே புது ஃபைபர் லைன் போட்டாச்சாம், ஆபீசுக்குத் தெரியும், லைப்ரரிக்கு ஆருமே சொல்லல. அக்காவும் பாவம் முழிக்கறாங்க. பழைய நம்பர் ஃபைல்ல இருந்துச்சு, புதுசு வேற. இப்ப ஆருக்கு எழுதறது? அப்பறம் ஊட்டுல இருந்து பாக்க வழியே இல்லீங்களா?

பழைய_லைப்ரரியன்:
தனித்தனியா ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் எழுத வேண்டாமுங்க. ஒன் நேஷன் திட்டத்தப் பாத்துக்கறது காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்ங்கற பல்கலைக்கழக லைப்ரரிகளுக்கான மையம், காலேஜுக்குன்னு அங்க பேரு குடுத்த நோடல் ஆபீசர் ஒருத்தர் இருப்பாரு, அவரு மூலமாப் புது ஐபியப் பதியச் சொல்லுங்க. நெட் கம்பெனிகிட்ட அது ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத நம்பர்தானான்னும் கேட்டுக்கங்க, இல்லீன்னா மறுபடி மாறிப் போயிரும்.
ஊட்டுல இருந்துன்னா இன்ஃப்ளிப்நெட்டோட இன்ஃபெட்னு ஒரு லாகின் வசதி இருக்குது. காலேஜ் அதுல சேந்து உங்களுக்கு யூசர் ஐடி போட்டுக் குடுக்கோணும். அப்பறம் ஜர்னல் பக்கத்துல "இன்ஸ்டிடியூஷன் லாகின்"ல போயி காலேஜ் பேரத் தேடி உள்ள போலாம், பஸ் காசு மிச்சம். நீங்களா ஜிமெயில் போட்டு ஓப்பன் பண்ற அக்கவுண்ட் வேற, அதுல போனா காசுதான் கேக்கும்.

நொய்யல்காரி:
நோடல் ஆபீசர் ஆருன்னு தேடுனா போன வருசமே ரிட்டயர் ஆயிட்டாருங்க!! பிரின்சிபால்கிட்ட புது ஆளப் போடச் சொல்லி லெட்டர் குடுத்தாச்சு. கோபி சார் சொன்ன மாதிரி மூணு பேருக்கு மெயில் போட்டேன், ஒருத்தரு ராத்திரியே பேப்பர் அனுப்பிட்டாரு. ஒரு சந்தேகமுங்க, எங்க டிபார்ட்மென்ட் வைஃபை வேற லைனாமா, அந்த நம்பரையும் சேத்துக் குடுக்கலாமுங்களா?

பழைய_லைப்ரரியன்:
குடுங்க, ரெண்டையும் ஒரே லெட்டர்ல போட்டுருங்க.