எல்ஜின் பாக்கெட் வாட்ச்: ஓடுகிறது, நேரம் மாற்ற முடியவில்லை

சாவிக்கொத்து:
ஓஹாயோவில் ஓர் ஏலத்தில் எல்ஜின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய பாக்கெட் வாட்ச் வாங்கினேன். முன்மூடி உள்ள ஹன்டர் வகை. மூடியில் மான், சுற்றிலும் கொடி வேலைப்பாடு, சிவப்புத் தங்கத்திலும் பச்சைத் தங்கத்திலும் இலைகள். சாவி கொடுத்தால் நன்றாக ஓடுகிறது. ஆனால் கிரவுனை (சாவி கொடுக்கும் திருகு) இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. துரு பிடித்திருக்குமோ? பின்மூடிக்குள் "20 ஆண்டு உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கிறது. விற்றவர் முழுத் தங்கம் என்றார்.

பல்சக்கரம்:
இழுக்காதீர்கள்! இது லீவர் செட் வகையாக இருக்கலாம். முன்மூடியைத் திறந்து டயல் ஓரத்தைப் பாருங்கள், சின்னத் தகடு ஒன்று நுனி நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் அதை வெளியே இழுத்துவிட்டு கிரவுனைத் திருப்பினால் முள் நகரும். சிலவற்றில் கண்ணாடி வளையத்தையும் திறக்க வேண்டும். தகட்டை உள்ளே தள்ளிய பிறகே மூடியை மூடுங்கள்.

பையில் இருக்கும்போது நேரம் தற்செயலாக மாறிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. 1891-இல் ஓஹாயோவின் கிப்டனில் ரயில்கள் மோதிய பிறகு ரயில்வே கடிகார விதிகள் இறுகின, காலப்போக்கில் லீவர் செட்டும் கட்டாயமானது. அதற்காக உங்களுடையதை ரயில்வே வாட்ச் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரயில்வே நிறுவனங்கள் பின்னாளில் மூடியில்லாத வகையைத்தான் ஏற்றார்கள்.

மஞ்சள்உலோகம்:
20 ஆண்டு என்றாலே கோல்டு ஃபில்டுதான். பித்தளைத் தகட்டின் இருபுறமும் தங்கத் தகடு சேர்த்து உருட்டுவார்கள். ஜேம்ஸ் பாஸ் 1859-இல் காப்புரிமை பெற்ற முறை. மேல் தங்கம் தேயாமல் இத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் அந்த உத்தரவாதம். முழுத் தங்கத்துக்கு அது எதற்கு? சங்கிலி மாட்டும் வளையம், கீல், மானின் கொம்பு போன்ற மேடான இடங்களை லென்ஸில் பாருங்கள்.

வருடம் வேண்டுமானால் இயந்திரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் இயந்திரமும் கேஸும் (வெளிக்கூடு) பெரும்பாலும் தனித்தனியாக விற்கப்பட்டு, கடையில்தான் ஜோடி சேர்ந்தன. கேஸ் எண்ணை வைத்து எல்ஜின் வருடத்தைத் தேடினால் வீண் அலைச்சல்தான்.

சாவிக்கொத்து:
தகடு இருந்தது, முள் நகர்கிறது! நன்றி. கொம்பின் நுனியில் பித்தளை தெரிகிறது. விற்றவரிடம் பேச வேண்டும். பாலிஷ் போடலாமா?

மஞ்சள்உலோகம்:
வேண்டவே வேண்டாம். பஃப் சக்கரத்தில் வைத்தால் மீதித் தங்கமும் போகும், செதுக்கலும் மழுங்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பல்சக்கரம்:
அப்புறம், மூடியைப் படீரென்று சாத்தாதீர்கள். கிரவுனை அழுத்தியபடி மூடிவிட்டு விரலை எடுங்கள். இல்லையென்றால் கொக்கி பிடிக்கும் விளிம்பு தேய்ந்து, மூடி நிற்காமல் போகும்.