நாடியில நாலு வெள்ளை முடி

குழு: வள்ளி ஆச்சி குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

சரோஜா அத்தை, 10:12
நித்யா, நாடியில அந்த வெள்ள முடிக்கு பார்லர்ல லேசர் ஆறு தடவ பேக்கேஜ் சொல்லுதா. 18 ஆயிரம். இன்னைக்கே கட்டுனா ரெண்டாயிரம் கம்மியாம். கட்டட்டுமா? யார்ட்டயும் சொல்லாத

செல்வம் பெரியப்பா, 10:13
சொல்லல

சரோஜா அத்தை, 10:13
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி, 10:14
அத்தை, நீங்க அழிச்சது "ஐயோ"ன்னு போட்ட மெசேஜை. மேல உள்ளது அப்படியே கெடக்கு 🙈

சரோஜா அத்தை, 10:14
சரி போ. எல்லாரும் பாத்தாச்சு. இனி என்ன

நித்யா, 10:15
அத்தை கட்டாதீங்க!! பையை எடுத்துட்டு வெளிய வாங்க முதல்ல

நித்யா, 10:15
வெள்ளை முடிக்கு லேசர் ஒண்ணுமே பண்ணாது

சரோஜா அத்தை, 10:17
அமெரிக்கா மிஷின்னு சொல்லுதாளே

நித்யா, 10:19
எந்த ஊர் மிஷினா இருந்தா என்ன. லேசர் வெளிச்சம் முடியில இருக்குற கருப்பைத் தேடித்தான் போகும். கருப்பு அதை உறிஞ்சி சூடாகி, அந்தச் சூட்டுலதான் வேர் சாகும். உங்க முடில கருப்பே இல்லையே, எதைப் போய் பிடிக்கும்? 18 ஆயிரத்துக்கு முகத்துல டார்ச் அடிச்ச மாதிரிதான்

ராஜி பெரியம்மா, 10:21
நூல் போட்டு எடுத்தா போதாதா சரோஜா. முப்பது ரூவா

சரோஜா அத்தை, 10:23
மதினி, நூல் போட்டா நாலு நாள்ல குத்துது. ராத்திரி சீரியல் பாக்கும்போது கை தானா நாடிக்குப் போயிடுது. தடவித் தடவி ஒண்ணு கையில சிக்கிட்டுன்னா அத பிடுங்குத வரைக்கும் கதை என்னன்னே தெரியாது எனக்கு

ராஜி பெரியம்மா, 10:23
😂 எனக்கும் உண்டு. மேல் உதட்டுல

கவிதா அக்கா, 10:31
நைட் டூட்டி முடிச்சு இப்பதான் எந்திரிக்கேன். என்ன ஓடுது இங்க?

கவிதா அக்கா, 10:36
படிச்சேன். நித்யா சொல்றது சரி. அத்தை, மாதவிடாய் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் இறங்கிடும், ஆண் ஹார்மோன் அந்த அளவுக்கு இறங்காது. அதுதான் நாடில வந்து நிக்குது. நிறையப் பேரு வீட்டுக்குள்ள கண்ணாடி முன்னால நின்னு பிடுங்கிட்டு வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான். வெக்கப்படாதீங்க. ஆனா ரெண்டு மூணு மாசத்துல திடீர்னு நிறைய வந்து குரலும் தடிச்சுதுன்னா என்கிட்ட உடனே சொல்லணும். அது வேற

சரோஜா அத்தை, 10:38
குரல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க மாமாட்ட கேளு. அப்ப வெள்ள முடிக்கு வழியே இல்லையா?

நித்யா, 10:39
இருக்கு. எலக்ட்ராலிசிஸ். நான் பண்ணது அதுதான்

செல்வம் பெரியப்பா, 10:40
கரண்டு வச்சா?

கவிதா அக்கா, 10:40
அப்பா நீங்க பேப்பர் படிங்க

செல்வம் பெரியப்பா, 10:42
34 வருசம் ஈபில இருந்தவன்ட்ட கரண்டு பத்தி பேசாம யார்ட்ட பேசப்போற. ஏசியா டிசியா? எவ்வளவு ஆம்பியர்?

கவிதா அக்கா, 10:47
ரெண்டும் உண்டுப்பா. முடி முளைக்குற குழிக்குள்ள, முடி மாதிரியே மெல்லிய ஊசியை இறக்குவாங்க. பழைய முறை டிசி. ஒரு மில்லியாம்பியருக்கும் கீழதான். இன்னொண்ணு ரேடியோ அலை மாதிரி உயர் அதிர்வெண், 13.56 இல்ல 27.12 மெகாஹெர்ட்ஸ். அது சூட்டுல வேரை வேக வைக்கும். நிறத்தைத் தேடாது. அதனால கருப்போ வெள்ளையோ செம்பட்டையோ எல்லாம் ஒண்ணுதான்

செல்வம் பெரியப்பா, 10:49
டிசி எப்படி வேரைக் கொல்லும்? அவ்வளவு கம்மி கரண்டுல சூடு வராதே

கவிதா அக்கா, 10:51
அங்கதான் விஷயம். தோலுக்குள்ள உப்பும் தண்ணியும் இருக்குல்ல. அதுல டிசி போனா?

செல்வம் பெரியப்பா, 10:52
காஸ்டிக் சோடா!

செல்வம் பெரியப்பா, 10:52
ஏட்டி இது நம்ம சாகுபுரம் கெமிக்கல் ஃபேக்டரில உப்பை வச்சு பண்ணுத வேலைல்லா

கவிதா அக்கா, 10:53
அதேதான். சாகுபுரத்துல டன் கணக்கு, அத்தை நாடில ஊசிமுனை அளவு. அந்தத் துளி காரம் வேரைக் கரைச்சிடும்

சரோஜா அத்தை, 10:54
காஸ்டிக் சோடாவையா மூஞ்சியில விடப்போறீங்க?? அது கக்கூஸ் அடைப்புக்குல்லா ஊத்துவோம்

கார்த்தி, 10:54
பெரியப்பா முடிச்சுட்டீங்க 👏

நித்யா, 11:02
அத்தை பயப்படாதீங்க, நான் உக்காந்த கதைய சொல்றேன். பல் டாக்டர் நாற்காலி மாதிரி சாய்ச்சு படுக்க வச்சாங்க. மேல வட்ட லைட்டு, அவங்க கண்ணுல பெரிசு பண்ணிக் காட்டுற லென்ஸ். என் கையில ஈரத்துணி சுத்துன ஒரு உலோகக் குச்சி, அத விடாம பிடிச்சிருக்கணும். ஊசி போறது தெரியவே தெரியாது, ஏற்கனவே இருக்குற துவாரத்துக்குள்ளதான போகுது. பெடலை மிதிச்சதும் சுருக்குனு ஒரு கடி, கட்டெறும்பு மாதிரி. அப்புறம் சின்ன இடுக்கியால தூக்குவாங்க. இழுக்குறதே தெரியாம வழுக்கிட்டு வரும், அடியில குட்டியா ஒரு வெள்ளை முடிச்சோட. இழுத்துக்கிட்டு வந்தா வேர் இன்னும் சாகலன்னு அர்த்தம், திரும்ப மிதிப்பாங்க. ஒரு முடி. அப்புறம் அடுத்த முடி. அப்புறம் அடுத்தது. எனக்கு மேல் உதட்டுலதான் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நாடி பரவாயில்ல

ராஜி பெரியம்மா, 11:04
ஒவ்வொண்ணாவா! அரிசில கல்லு பொறுக்குன மாதிரி

நித்யா, 11:05
அதே பெரியம்மா. நிமிஷக் கணக்குல காசு

சரோஜா அத்தை, 11:06
ஒரே தடவைல முடிஞ்சிடும்லா?

நித்யா, 11:11
இல்ல அத்தை, இதுதான் கசப்பு. எனக்கு 14 மாசம் ஆச்சு. மொதல்ல வாராவாரம் அரை மணி நேரம், அப்புறம் மாசம் ஒரு தடவ. எல்லா முடியும் ஒரே நேரத்துல வளராது, சிலது உள்ள தூங்கும். தூங்குறது முழிச்சு மேல வந்தப்புறம்தான் பிடிக்க முடியும். எனக்கு பிசிஓஎஸ்னு ஹார்மோன் தொந்தரவு வேற, புதுசு புதுசா வந்துட்டே இருந்துச்சு. அதுக்கு முன்னால ஒரு இடத்துல லேசருக்கு காசு கட்டி தாடையோரம் பூனை முடியெல்லாம் தடிச்சு கருப்பாச்சு. "அடுத்த சிட்டிங்ல போயிடும்"னு எட்டு சிட்டிங். அந்தக் கோவம் இன்னும் போகல

கவிதா அக்கா, 11:14
அப்படி ஆகுறது உண்டு. நம்மள மாதிரி மாநிறத்துல, ஹார்மோன் தொந்தரவு இருக்குற பொண்ணுங்களுக்கு தாடை, கழுத்துல லேசர் சில நேரம் முடியைத் தூண்டி விட்டுடும். லேசர் மோசம்னு சொல்லல, கால் கை கருப்பு முடிக்கு வேகமா வேலை செய்யும். ஆனா அமெரிக்காவுல மருந்து, மிஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ கூட லேசருக்கு "நிரந்தரமா குறைக்கும்"னுதான் விளம்பரம் எழுத விடுது. "நிரந்தரமா நீக்கும்"ங்கிறது எலக்ட்ராலிசிஸுக்குத்தான். இதுல ஒரு கூத்து என்னன்னா, இத கண்டுபிடிச்சது அழகுக்கு இல்ல. 1875ல செயின்ட் லூயிஸ்ல சார்லஸ் மிஷேல்னு ஒரு கண் டாக்டர், இமை முடி உள்பக்கமா மடங்கி கண்ணைக் குத்துறவங்களுக்குப் பண்ணினது

ஆச்சி, 11:20
🎤 குரல் பதிவு 0:38

கார்த்தி, 11:22
ஆச்சி பேசினத எழுதுறேன்: "குப்பைமேனி எலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சுப் பூசச் சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டா. எனக்கும் நாடியில ரெண்டு கெடக்கு. கரண்டுக்காரிட்ட என்னையும் சேத்து கூட்டிட்டுப் போ சரோஜா"

கவிதா அக்கா, 11:23
ஆச்சிக்கு பேஸ்மேக்கர் இருக்கு! கிட்டயே போகக் கூடாது. அந்த ரெண்ட கத்திரியால வெட்டினா போதும்

கவிதா அக்கா, 11:26
அத்தை உங்களுக்கு ரெண்டு கேள்வி. சுகர் எவ்வளவுல இருக்கு? காது குத்தின இடத்துல தழும்பு தடிச்சு வளந்திருக்கா?

சரோஜா அத்தை, 11:28
சுகர் போன மாசம் 140 சாப்பாட்டுக்கு முன்ன. காது மூக்கு ரெண்டும் நல்லாத்தான் ஆறுச்சு

கவிதா அக்கா, 11:31
தழும்பு தடிக்கலைன்னா சரி. சுகரை இன்னும் இறக்கிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா புண்ணு ஆற நாளாகும். போற இடத்துல ஊசி புதுசா, உறையை உங்க கண்ணு முன்னால பிரிக்கணும். உங்களுக்குன்னு ஒரு ஊசி, முடிஞ்சதும் குப்பைல. அதுல தயங்கினா எந்திரிச்சு வந்துடுங்க. சின்னச் சின்னப் பொருக்கு கட்டும், நோண்டக் கூடாது. நம்ம தோலு நோண்டின இடம் கருத்துடும்

நித்யா, 11:32
முக்கியமானத விட்டுட்டேன். இன்னைலேருந்து பிடுங்காதீங்க! ஊசி உள்ள போக முடி வெளிய தெரியணும். குத்துனா ரேசர்ல வழிச்சுக்கோங்க, போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னால மட்டும் விட்டுடுங்க

சரோஜா அத்தை, 11:33
வழிச்சா தடியா வளரும்லா

கவிதா அக்கா, 11:33
வளராது. வெட்டுன முனை மொட்டையா இருக்குறதால அப்படித் தோணும்

சரோஜா அத்தை, 11:36
சரி. பார்லர்ல இருந்து வந்துட்டேன். அந்தப் பிள்ள வாசல் வரைக்கும் வந்து மூவாயிரம் கம்மி பண்ணுதேன்னா. பஸ் ஸ்டாப்ல நிக்கேன், கை நாடிக்குப் போகுது. பிடுங்காம எத்தன நாள் இருக்கணும்?

நித்யா, 11:37
மூணு வாரமாவது 😬

சரோஜா அத்தை, 11:37
சீரியல நிறுத்திட வேண்டியதுதான்

செல்வம் பெரியப்பா, 11:41
கவிதா, காதுல வளருதே முடி, அதுக்கும் இது உண்டா

கவிதா அக்கா, 11:42
காது மடல்ல பண்ணலாம்பா. மூக்குக்குள்ள கூடாது

ராஜி பெரியம்மா, 11:43
நிமிஷத்துக்கு காசுன்னா உங்க காதுக்கு பென்சன் பத்தாது