சிகாகோ (2002): பாட்டு வந்ததும் எல்லாரும் ஏன் மேடைக்குப் போய்விடுகிறார்கள்?

கேள்வி:
ஆறு ஆஸ்கர் வாங்கிய 'சிகாகோ'வை நேற்றுதான் பார்த்தேன். கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸின் ஆட்டம் பிரமாதம். ஆனால் சிறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மேடை, விளக்கு, பளபள உடை என்று மாறிவிடுகிறதே, அது நம் படங்களில் வரும் கனவுப் பாட்டு மாதிரிதானா? பாட்டுகளை எடுத்துவிட்டால் கதைக்கு ஏதாவது குறையுமா?

பதில்:
நாடகங்களுக்கு லைட்டிங் செய்கிறவன் நான். இந்தப் படத்தை வெளிச்சத்துக்காகவே பலமுறை பார்த்திருக்கிறேன். நிச்சயம் குறையும்.

இந்தப் படத்துக்கு அடிப்படையான, 1975இல் வந்த மேடை இசை நாடகத்தில் ஒவ்வொரு பாட்டும் பார்வையாளர்களைப் பார்த்தே பாடப்படும் தனி ஐட்டம். சினிமாவில் அது ஒட்டாது. அதனால் இயக்குநர் ராப் மார்ஷலும் திரைக்கதை எழுதிய பில் காண்டனும் பாட்டுகளை, கொலை வழக்கில் சிறையில் இருக்கும் கதாநாயகி ராக்ஸியின் மனசுக்குள் கொண்டுபோனார்கள். படம் தொடங்குவதே அவள் கண்ணில்தான்.

ஆறு பெண் கைதிகள் பாடும் அந்த டாங்கோ பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். முதலில் குழாய்த் தண்ணீர் சொட்டும் சத்தம். அப்புறம் காவலரின் காலடி, விரல் தட்டும் ஒலி. அதிலிருந்தே தாளம் பிறக்கிறது. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கொலையைச் சொல்லும்போது செத்தவன் உடம்பிலிருந்து சிவப்புத் துணியை உருவுகிறார்கள். அதுதான் ரத்தம். அவர்களில் ஹங்கேரிப் பெண் உருவுவது மட்டும் வெள்ளை.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷே 'நாட் கில்ட்டி' மட்டும்தான். கோர்ட்டுக்கு அவள் பேச்சு புரியவில்லை, நம்மில் பெரும்பாலோருக்கும் புரியாது. அவள் நிரபராதி என்பதை நமக்குக் காட்டுவது அந்த வெள்ளைத் துணிதான், அதுவும் பாட்டுக்குள்தான் வருகிறது. பிறகு அவளைத் தூக்கில் போடுவதைக்கூட மேடையில் ஒரு மறைந்துபோகும் வித்தையாக அறிவிக்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசையும். சுட்டுக் கொன்ற ராக்ஸிக்குப் பேப்பரில் படம் வருகிறது, ஒன்றும் செய்யாதவளுக்குக் கயிறு. பாட்டுகளை எடுத்தால் முதலில் காணாமல் போவது இவள்தான்.

இன்னொருவர்:
மூலக்கதையே நிஜ வழக்குகளிலிருந்து வந்தது. 1924இல் பியூலா அனன், பெல்வா கார்ட்னர் என்ற இருவர் மீதான கொலை வழக்குகளைப் பற்றி 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகைக்கு எழுதியவர் மொரீன் வாட்கின்ஸ். இருவருமே விடுதலையானார்கள். அதை வைத்து அவர் எழுதிய நாடகம் 1926இல் மேடையேறியது.

கேட்டவர்:
வெள்ளைத் துணியை நான் கவனிக்கவே இல்லை! அந்த ஹங்கேரிப் பெண்ணைப் போல நிஜத்தில் யாராவது தூக்கில் போடப்பட்டார்களா?

பதில்:
அவள் நிலையில் அதே சிகாகோவில் ஒருவர் இருந்தார். சபெல்லா நிட்டி, இத்தாலியிலிருந்து வந்தவர், இங்கிலீஷ் தெரியாது. 1923இல் கணவரைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். நல்லவேளையாக மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது, 1924இல் வெளியே வந்துவிட்டார்.