புது மீனுக்கு முதல் இடம் தனித்தொட்டி: எங்கள் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து

2019 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் பத்து நியான் டெட்ரா மீன்களை வாங்கி வந்து, கவரை அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்படியே எங்கள் நான்கடித் தொட்டிக்குள் திறந்துவிட்டேன். தொட்டியில் அப்போது பதினேழு மீன்கள் இருந்தன. அவற்றில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள், ஐம்பது காசு அளவில் வாங்கி மூன்று ஆண்டுகள் வளர்த்தவை. ஃபில்டர் குழாயின் மீது முட்டையிட்டு, இரண்டும் மாறி மாறிக் காவல் இருக்கும். டெட்ராக்களைக் கடையில் பார்த்தபோது நிறம் பளிச்சென்று இருந்தது, துடுப்புகள் விரிந்திருந்தன, கூட்டமாகத் துடிப்புடன் நீந்தின. ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தே வாங்கினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாகப் பார்த்து வாங்கினால் போதும் என்ற நம்பிக்கைதான் என்னை ஏமாற்றியது.

ஐந்தாம் நாள் காலையில் பெண் ஏஞ்சலின் வால் துடுப்பில், ரவை ஒட்டிக்கொண்டது போல மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அன்று மாலையே அது மரக்கட்டையின் மீது விலாவைத் தேய்த்துத் தேய்த்து ஓடியது. எட்டாம் நாள் டெட்ராக்கள் உட்பட எல்லா மீன்களின் உடம்பிலும் ரவையைத் தூவியது போலாகிவிட்டது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினேன், உப்புப் போட்டேன், தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். பன்னிரண்டு நாள்களில் இருபத்தேழு மீன்களில் பத்தொன்பது போய்விட்டன. பெண் ஏஞ்சல் இறந்த பிறகு ஆண் மீன், செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, முட்டையிடும் அந்தக் குழாயின் பக்கத்திலேயே நீர்மட்டத்தில் வாயை வைத்தபடி இரண்டு நாள்கள் நின்றது. மூன்றாம் நாள் காலையில் அதுவும் அடியில் கிடந்தது. என் மனைவி அன்று முழுவதும் அந்தத் தொட்டியின் விளக்கைப் போடவில்லை.

அந்த நோயின் போக்கைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். இக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வெண்புள்ளி நோயை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஓர் உயிர். அந்த நிலையில் மருந்து அதை எட்டாது. அது முற்றியதும் மீனை விட்டு உதிர்ந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளந்து வெளியே வருகிறது. அந்தக் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாள்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும்; இல்லாவிட்டால் இறந்துவிடும். தண்ணீரில் அவை நீந்தித் திரியும் அந்தச் சிறு இடைவெளியில்தான் மருந்து வேலை செய்யும். நம் ஊர்த் தண்ணீரின் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்து அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. தண்ணீர் குளிர்ந்தால் சுற்று நீளும். முதல் சில ஒட்டுண்ணிகள் செவுளுக்குள் இருந்தால் வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. பளிச்சென்று இருந்த என் டெட்ராக்களின் செவுளில் இரண்டு மூன்று இருந்திருந்தாலே போதும், மீதியை நெருக்கமான தொட்டியும் மார்கழிக் குளிரும் பார்த்துக்கொண்டன.

இதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொளத்தூருக்கு வரும் மீன் பொன்னேரி, செங்குன்றம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும், மொட்டைமாடித் தொட்டிகளிலிருந்தும், வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறது. பண்ணைத் தண்ணீர், கவர்த் தண்ணீர், மொத்த வியாபாரியின் தண்ணீர், சில்லறைக் கடையின் தண்ணீர் என்று சில நாள்களுக்குள் மூன்று நான்கு தண்ணீரைப் பார்த்து, பட்டினி கிடந்து, அலைக்கழிந்துதான் அது நம் கைக்கு வருகிறது. ஒரே வலை எல்லாத் தொட்டிகளுக்குள்ளும் போய் வருகிறது. கடை என்பது மீனுக்கு ஒரு பேருந்து நிலையம்; அங்கே இறங்கியவரை நேராகப் படுக்கையறைக்கு அழைத்துச் சென்றது நான்.

என் தந்தையார் இதை அறிந்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி வரும் நாள்களில், ரயில்வே குடியிருப்பின் பின்கட்டில் இருந்த சிமென்ட் தொட்டியில் அவற்றை விட்டு, "ஒரு மாசம் பொறுடா" என்பார். அவருக்கு நோயின் பெயரோ ஒட்டுண்ணியின் பெயரோ தெரியாது. அந்த ஒரு மாதத்தை நான் அப்போது வெறும் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது என் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில், புது மீனை முதலில் தனியாக வைத்துக் கவனிப்பதற்கென்று ஒரு வெற்றுத் தொட்டி இருக்கிறது. பத்து அங்குலம் தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட 47 லிட்டர். இந்தக் கணக்கை நான் தொட்டியின் பக்கவாட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் கண்ணளவில் ஊற்றிய மருந்து நோயை விட வேகமாகக் கொல்லும். கல் இல்லை, மண் இல்லை, செடி இல்லை. ஒளிவதற்குக் குழாய்க் கடையில் வாங்கிய இரண்டு பிவிசி வளைவுகள் மட்டும் கிடக்கின்றன. தனி வலை, தனி மக், தனி உறிஞ்சு குழாய். மூன்றின் கைப்பிடியிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அவசரத்தில் வீட்டில் யார் எடுத்தாலும் மாறிவிடக் கூடாது என்பதற்காக. முதலில் பெரிய தொட்டியின் வேலையை முடித்துக்கொண்டு பிறகுதான் தனித்தொட்டியில் கை வைக்கிறேன். அந்த வரிசையை ஒருநாளும் மாற்றுவதில்லை. கடைக் கவரின் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றுவதில்லை.

புது மீனைத் தனித்தொட்டியில் வைக்க இரண்டு வாரம் போதும் என்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-இல் வாங்கிய ஆறு கப்பிகள் பதினேழு நாள்கள் எந்தக் குறையுமின்றித் தின்று, விளையாடிக்கொண்டிருந்தன. பதினெட்டாம் நாள் காலையில் ஒரு பெண் கப்பி கண்ணாடியோரம் அசையாமல் நின்றபோது, அதன் ஆசனவாயிலிருந்து தையல் நூலை விட மெல்லிய சிவப்பு இழைகள் மூன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீன் சற்று நகர்ந்ததும் அவை உள்ளே இழுத்துக்கொண்டன. அவை கமலானஸ் என்னும் குடற்புழுக்கள். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் லெவாமிசோலை லிட்டருக்கு 2 மி.கி. அளவில் கலந்து, விளக்கை அணைத்து ஒருநாள் வைத்திருந்தேன். அந்த மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்து உதிரவிடும். அதனால் மறுநாள் அடித்தண்ணீரை முழுவதும் உறிஞ்சி எடுத்தேன். மூன்று வாரம் கழித்து அதையே மறுபடியும் செய்தேன். பதினான்காம் நாளில் அவற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்தால் அந்தப் புழு அங்கே எத்தனை வயிறுகளுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்துத்தான், அன்றிலிருந்து முப்பது நாள்களுக்குக் குறைந்த எதையும் நான் ஏற்பதில்லை.

ராயபுரத்திலிருந்து

ஐயா, உங்கள் ஏஞ்சல் ஜோடியைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துப்போனது. என் அனுபவம் வேறு விதமானது. தனித்தொட்டி வைத்தும் நான் மீன்களை இழந்தேன், அந்தத் தவறு வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான்கு ஒராண்டா கோல்ட் ஃபிஷ் வாங்கிய அன்று, புதிய பிளாஸ்டிக் டப் ஒன்றில் புதுத் தண்ணீர் பிடித்து, கடையில் அப்போதே வாங்கிய புது ஸ்பான்ஜ் ஃபில்டரைப் போட்டு, மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் செவுள்கள் சிவந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் இரண்டு இறந்தன. நான் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அது நோயே அல்ல, அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் புது ஃபில்டரில் இருப்பதில்லை. அவை ஸ்பான்ஜில் குடியேறிப் பெருகப் பல வாரங்கள் பிடிக்கும். எங்கள் தெருவின் போர் தண்ணீர் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உப்பும் காரத்தன்மையும் மிகுந்தது, காரத் தண்ணீரில் அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகிறது. கோல்ட் ஃபிஷ் கழிவும் மற்ற மீன்களை விட அதிகம். எல்லாம் ஒன்று சேர்ந்தது.

இப்போது ஒரு ஸ்பான்ஜ் எப்போதும் என் பெரிய தொட்டியின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. புது மீன் வரும் அன்று காலையில்தான் அதைத் தனித்தொட்டிக்கு மாற்றுகிறேன். மாதம் முடிந்ததும் அந்த ஸ்பான்ஜை மறுபடியும் பெரிய தொட்டியில் வைப்பதில்லை. கொதிநீரில் போட்டு வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன். போர் தண்ணீரை நிறுத்திவிட்டு மெட்ரோ தண்ணீரைப் பிடித்துவைத்து, குளோரினைப் போக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டுப் பயன்படுத்துகிறேன்.

உங்கள் வெற்றுத் தொட்டி என்ற முறைக்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. போன ஆண்டு வாங்கிய கோல்ட் ஃபிஷ் ஒன்றின் மார்புத் துடுப்பின் அடியில், கண்ணாடிச் சில்லு போலத் தட்டையாக, அரிசியை விடச் சிறிதாக ஏதோ நகர்ந்தது. மீன் பேன். ஈரத் துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு, நகைப்பட்டறையில் வாங்கிய சாமணத்தால் அதை எடுத்தேன். எடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு குத்துப் புள்ளி இருந்தது. இந்தப் பேன் முட்டையிடுவதற்கு மீனை விட்டு இறங்கி, கெட்டியான பரப்பில் வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கும். வெற்றுக் கண்ணாடியாக இருந்ததால் மூலையில் மஞ்சளான கோடாக அவை என் கண்ணில் பட்டன, சுரண்டி எடுத்துவிட்டேன். கல்லும் மரமும் இருந்திருந்தால் தேடியிருக்கவே முடியாது.

ஒரு கேள்வி. மீன் வந்த உடனேயே உப்பும் மருந்தும் போட்டுவிட வேண்டும் என்கிறார்களே, நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா?

பெரம்பூரிலிருந்து

அம்மா, அம்மோனியாவைப் பற்றி நான் எழுதத் தவறியதை நீங்கள் எழுதினீர்கள், நன்றி. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கவருக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் தண்ணீர் சற்று அமிலமாக இருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். ஆகையால் திறந்த கவரில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவதை, குறிப்பாக வெளியூரிலிருந்து நீண்ட நேரம் பயணப்பட்டு வந்த மீன்களுக்கு, நான் விட்டுவிட்டேன். மூடிய கவரை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, வலையால் எடுத்து விட்டுவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு என் முறையைச் சொல்கிறேன். அறிகுறி இல்லாத மீனுக்கு நான் மருந்து போடுவதில்லை. முதல் வாரம் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு, அதாவது என் தொட்டிக்கு 47 கிராம், அவ்வளவுதான். கோரிடோரஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்கள் உப்பைக் குறைவாகவே தாங்கும் என்பதால் அவற்றுக்கு அதுவும் இல்லை. மெத்திலீன் ப்ளூ என்னும் நீல மருந்து ஸ்பான்ஜில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். நோயில்லாத மீனுக்கு அதை ஊற்றினால் நீங்கள் பட்ட அம்மோனியாத் துயரத்தை நாமே வரவழைப்பதாகும். மருந்தை விட அந்த மாதத்தில் மீனுக்குத் தேவை அமைதியும், நேரத்துக்குச் சிறு அளவு உணவும், தினமும் அதன் எதிரில் பத்து நிமிடம் உட்காரும் ஒருவரும்தான். சாப்பிடும்போது எது பின்தங்குகிறது, எதன் கழிவு வெள்ளை நூலாகப் போகிறது, எது விளக்குப் போட்டதும் மூலைக்குப் போகிறது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும்.

மின்வெட்டையும் மறந்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் வர நாள்கள் பிடித்தன. காற்றோட்டம் நின்ற ஸ்பான்ஜில் நுண்ணுயிர்கள் மூச்சுத்திணறி இறந்து அழுகும் என்பதால், அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றியே மீன்களைக் காப்பாற்றினோம். அதன் பிறகு பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றைத் தனித்தொட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது படிக்கட்டின் அடியில் ஏழு ரம்மி நோஸ் டெட்ராக்கள் இருக்கின்றன. நேற்று இருபத்து நான்காம் நாள். ஆறின் மூக்கு குங்குமம் வைத்தது போலச் சிவந்திருக்கிறது. ஏழாவதன் மூக்கு நேற்று மாலையிலிருந்து வெளிறி இருக்கிறது, உணவுக்கும் கடைசியாகத்தான் வருகிறது. புள்ளி இல்லை, இழை இல்லை, தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியாவும் இல்லை. ஆனாலும் தொட்டிக்கு மேல் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் இருபத்து நான்கை அடித்துவிட்டு, இன்றைய தேதியில் ஒன்று என்று எழுதியிருக்கிறேன்.